இரண்டாம் பாகத்தில் இல்லாத வசனம்

லாரிக்காரன் படத்தின் இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் செத்துப்போவான். இப்படிச் சொன்னால் இன்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவன் செத்துவிட்டால் மூன்றாம் பாகத்தில் லாரி ஓட்டியது யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் படம் வெளியான முதல் வாரத்தில் அவன் செத்தான். ரசிகர்கள் திரையைக் கிழித்தார்கள், நாற்காலிகளை உடைத்தார்கள். தயாரிப்பாளர் ஆடிப்போய் முடிவை மாற்றிப் புது ரீலை ஊர் ஊராக அனுப்பிவைத்தார். பழைய ரீல் திரும்பிப் போனது. அதன்பின் டிவியில் வந்ததும், சிடியில் வந்ததும், இப்போது போனில் வருவதும் எல்லாமே அவன் பிழைத்துக்கொள்கிற படம்தான்.

நான் முதல் வாரத்தில் பார்த்தவன். உத்திரமேரூருக்குப் புதுப்படம் அப்போதெல்லாம் உடனே வராது. அந்தப் படம் மட்டும் எப்படியோ வந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மேட்னி ஷோவுக்கு மனைவியோடு போனேன். நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. கடைசிப் படமும் ஏறக்குறைய அதுதான். அதற்கப்புறம் எனக்கு நேரமில்லை, அவளுக்கு சினிமாவே பிடிக்காது.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெல் மண்டிக்கு மேலே என் அறை. கீழே மூட்டை தூக்கிப் போட்டால் மேலே என் கீபோர்டில் உமித்தூசி வந்து உட்காரும். முன்பு நானே கேமரா தூக்கிக்கொண்டு போனேன். இப்போது டிரோன் விடுகிற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு வருவதை நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். மனைவி போய்ப் பத்து வருஷத்துக்குப் பக்கமாகிறது. ஒரே மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். ஆக, பகல் முழுக்க நான் பேசுவது என்று பார்த்தால் டீக்கடையில் சொல்லும் "ஸ்ட்ராங்கா ஒண்ணு" மட்டும்தான்.

அந்தத் தனிமையில்தான் லாரிக்காரன் படக் குழு எனக்குக் கிடைத்தது. போனில் இருக்கும் குழு, நேரில் யாரையும் நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஒருவர், சிங்கப்பூரில் இரண்டு மூன்று பேர், மலேசியாவில் ஒருவர், எல்லோருக்கும் தலைவராகத் திருநெல்வேலிக்காரர் ஒருவர். எங்கள் வேலை அந்த மூன்று பாகங்களும் எந்தெந்த விதத்தில் வெளிவந்தனவோ அத்தனையையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவைப்பது. டிவிக்காக வெட்டிய படம் தனி. தெலுங்கில் காமெடி சேர்த்து ஓட்டிய படம் தனி. கடைசி பஸ் போய்விடும் என்று ஆபரேட்டரே ஒரு பாட்டைத் தூக்கிவிட்டு ஓட்டிய கிராமத்து பிரிண்ட் தனி. எங்கள் விதி ஒன்றே ஒன்று. எங்கேயாவது ஒரு முறை திரையில் ஓடியது என்றால் அதை விட்டுவிடக்கூடாது. வேலையற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குக் கோபமில்லை. கல்யாண மண்டபத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையை ஸ்லோமோஷனில் ஓட்டுவதைவிட இது உருப்படியான வேலை.

எங்களிடம் இல்லாதது இரண்டாம் பாகத்தின் அந்த முதல் வார முடிவு மட்டும்தான். அதைப் பார்த்தவன் என்று குழுவில் இருந்தது நான் ஒருவன்தான். அதனால் எனக்கு அங்கே கொஞ்சம் மரியாதை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றுதான் என்பதால் நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் இருந்தேன்.

காட்சியை நான் அவர்களுக்குப் பல தடவை எழுதியிருக்கிறேன். பட்டப்பகல். லாரிக்காரன் அடிபட்டு வீட்டுக்கு வருகிறான். அவன் மனைவி ஒன்றும் கேட்காமல் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறுகிறாள். அவன் கை நீட்டும்போது வெளியே லாரி ஹாரன் கேட்கிறது. எதிரிகள் வந்துவிட்டார்கள். கையை எடுத்துவிட்டு எழுந்து போகிறான். அவள் கரண்டியோடு நிற்கிறாள். அப்போது அவள் குரல் கேட்கும்.

"ஒரு வாய் துன்னுட்டுப் போனா இன்னா?"

அவ்வளவுதான். பிறகு அவன் வாசலில் விழுகிறான். படத்தில் எத்தனையோ பஞ்ச் வசனம் உண்டு, எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. இந்த வசனம் மட்டும் இத்தனை வருஷமும் காதில் இருந்தது. அழுது சொல்ல மாட்டாள். அலுத்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலாகவே சொல்வாள். அந்த எரிச்சல்தான் என்னை உலுக்கியது. தமிழ் சினிமாவில் புருஷன் சாகப்போகிற நேரத்தில் எரிந்துவிழுந்த ஒரே பொம்பளை அவள்தான் என்று குழுவில் எழுதினேன். நிறைய பேர் கை தட்டினார்கள்.

திருநெல்வேலிக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போன் போட்டே சொன்னார்.

"அண்ணாச்சி, அவ மூணு பாகத்துலயும் எங்கூர்ப் பேச்சுல்லா பேசுதா. இந்த ஒரு இடத்துல மட்டும் 'துன்னுட்டு'ன்னு எப்படிச் சொல்லுவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டப்பிங் பேசனது மெட்ராஸ்காரியா இருக்கும். நான் காதால கேட்டேன், நீங்க கேட்டீங்களா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர் பெருந்தன்மைக்காரர். மறுநாள் குழுவில், முதல் வாரம் பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அந்தக் காட்சியைக் கிடைத்ததை வைத்து அவரே செய்து தரட்டும் என்று எழுதினார்.

செய்தேன். மூன்றாம் பாகத்தில் ஒரு பிளாஷ்பேக்கில் அந்த இலையும் சோறும் ஒரு நொடி வரும். பழைய டிரைலரில் அவள் கரண்டியோடு நிற்பது இருந்தது. பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் அவன் வாசலில் விழுந்து கிடக்கும் படம் இருந்தது. இவற்றை வெட்டி ஒட்டி, ஹாரன் சத்தம் சேர்த்தால் காட்சி ஓரளவுக்கு வந்துவிட்டது. வசனத்துக்குத்தான் குரல் வேண்டும்.

எங்கள் ஊரில் ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் போகும்போது கேட்கும் குரல் ஒரு பெண்ணுடையது. என் அறையில்தான் வந்து பேசிப் பதிவு செய்வாள். அவளைக் கூப்பிட்டு இந்த ஒரு வரியைப் பேசச் சொன்னேன். முதலில் அழுகையோடு பேசினாள். வேண்டாம் என்றேன். கெஞ்சலாகப் பேசினாள். அதுவும் வேண்டாம் என்றேன். அதட்டலாகப் பேசினாள், மெதுவாகப் பேசினாள். எதைக் கேட்டாலும் எனக்கு இல்லை, இல்லை என்றே தோன்றியது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"எப்டித்தாண்ணே சொல்லணும்? ஈரோயினி எங்கண்ணே இப்டி சலிச்சிக்கினு பேசும்? இது நம்ம வூட்ல பேசற மாதிரி கீது."

"இன்னும் ஒரே ஒரு தபா சொல்லும்மா."

"மணி இன்னா ஆவுது பாருங்க. காலைல நாஷ்டாகூட துன்னல நானு" என்று முணுமுணுத்துக்கொண்டே மைக்கைப் பிடித்து, பசியும் கோபமுமாக அந்த வரியைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அதுதான். அச்சு அசலாக அது இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அதுதான். அவளுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான் செய்த காட்சி குழுவில் பெரிய பேர் வாங்கியது. பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வசனத்தை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் படம் அனுப்பினார். நான் அதை மகளுக்கு அனுப்பினேன். அவள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள்.

ஒரு வருஷம்போல அப்படிப் போனது. பிறகு மலேசியாக்காரருக்கு அந்தக் கேசட் கிடைத்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு வீடியோ கேசட் போட்டு அனுப்புகிறவர்கள் படம் வெளியான உடனே அனுப்பிவிடுவார்கள். முடிவை மாற்றுவதற்கு முன்பே போன கேசட் ஒன்று, மூடிக்கிடந்த ஒரு வீடியோ கடையில் பூஞ்சை பிடித்துக் கிடந்திருக்கிறது. அதை வாங்கித் துடைத்துச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் வேலையாக எனக்குத்தான் அனுப்பினார். குழுவில் போடுமுன் நான் பார்க்க வேண்டுமாம். பெரிய மனசு.

கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இலை வந்தது. சோறு வந்தது. ஹாரன் கேட்டது. எழுந்தான். அவள் கரண்டியோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. பின்னணி இசைகூட இல்லை. அவன் நடந்துபோகிற செருப்புச் சத்தம் மட்டும். விழுந்தான். படம் முடிந்தது.

திரும்ப ஓட்டினேன். அவள் உதட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. சத்தம் பழுதாகியிருக்கலாம் என்று ஒலியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். செருப்புச் சத்தம் அவ்வளவு துல்லியமாக இருக்கும்போது பேச்சு மட்டும் எப்படி அழியும்? கீழே மண்டியில் யாரோ யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னையே ஏசுகிறமாதிரி இருந்தது. இத்தனை பேரை நம்பவைத்துவிட்டு, பனியன்வரை போட வைத்துவிட்டு, இல்லாத ஒன்றை எங்கிருந்து கொண்டுவந்தேன்? எனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று பயமாகக்கூட இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் வழக்கம்போலப் பேசினாள். என் குரலைக் கேட்டு என்ன என்று கேட்டாள். வேறு யாரிடம் சொல்வது? சொன்னேன். படத்தில் அந்த வசனமே இல்லை என்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது படத்துல வர்றதுன்னா நீ இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்த? நீ பனியன் படத்த அனுப்பனப்போ அம்மா சொல்றத நீ அதுல சேத்துட்டேன்னுல்ல நான் நெனச்சேன்."

"அம்மாவா?"

"இன்னா நைனா, மறந்துட்டியா? சீரியல்ல எவனாவது கோச்சிக்கினு எலையவுட்டு எழுந்து போனா அம்மா டிவியப் பாத்து அதத்தானே சொல்லும். ஒரு வாய் துன்னுட்டுப் போனா இன்னான்னு. தெனமும் சொல்லும்."

மறக்கவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. அவள் சீரியல் பார்த்த நேரமெல்லாம் நான் இந்த அறையில் யாரோ தாலி கட்டுவதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகுதான் எல்லாம் சேர்ந்தது. அந்த மேட்னி ஷோவில் அவள் வாயே திறக்கவில்லை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். புதுப்பெண். காவாந்தண்டலத்திலிருந்து வந்து சில வாரங்கள். என்னிடம் எதைச் சொன்னாலும் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லிசாகத்தான் சொல்வாள். அவளுடைய உரத்த குரல் எப்படி இருக்கும் என்றே எனக்கு அன்று தெரியாது. இருட்டில், ஒரு எரிச்சலான குரல் பக்கத்தில் கேட்டபோது அதைத் திரையில் நின்றவளுடையது என்று என் காது எடுத்துக்கொண்டது. திரையில் இருந்தவள் சும்மாதான் நின்றாள். போட்ட சோற்றைத் தின்னாமல் ஒருவன் எழுந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல், புருஷன் பக்கத்தில் இருக்கிறான் என்பதையும் மறந்து பேசியது என் மனைவி. அவள் என் முன்னால் வாய்விட்டுப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதைத் தூக்கி நான் யாரோ ஒரு நடிகைக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் எனக்கு ஒரு வெறி வந்தது. அவளுடைய குரல் எங்கேயாவது இருக்குமா என்று தேட ஆரம்பித்தேன். ஊர்க் கல்யாணம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, என் மனைவியின் குரல் இல்லாமலா போகும்? எங்கள் கல்யாணக் கேசட்டைப் போட்டேன். நாதஸ்வரம் முடிந்ததும் சினிமாப் பாட்டு. மகளின் காதுகுத்து வீடியோ, பாட்டு. மனைவியின் தங்கை கல்யாணம், அதை நானே எடுத்து நானே எடிட் செய்தேன். அதில் அவள் நன்றாகப் பேசுகிறாள். பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, கேமராவை, அதாவது என்னை, பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். அதன்மேல் முழுக்க ஒரு டூயட் ஓடுகிறது. நான் போட்ட பாட்டுதான். கல்யாண வீடியோ என்றால் அப்படித்தான். கூட்டத்தின் சத்தத்தை யார் கேட்பார்கள் என்று அதை முழுக்க வழித்தெடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவோம். ஒரிஜினல் கேசட்டின்மேல் அடுத்த கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுவோம். எடிட்டிங் படித்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். அவளிடம் இருந்ததும் பட்டன் போன், அதில் எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

அவள் உதட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. சாப்பிட வா என்று கூப்பிட்டிருப்பாள். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள்?

அவள் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுவலி என்று செங்கல்பட்டில் காட்டினோம். ஸ்கேன் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலையில் எனக்கும் மகளுக்கும் இட்லி வைத்துவிட்டு, தன் பங்கைத் தட்டு போட்டு மூடினாள். "வந்து துன்னலாம்" என்றாள். பஸ் ஏறினோம். அங்கேயே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. மூடி வைத்த இட்லியை என் மகள்தான் எடுத்துப் போய்க் கொட்டினாள். அன்றைக்கு அவளைப் பார்த்து அந்த வரியைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. சொல்கிற ஆளே அவள்தானே.

மகளோடு பேசிய மறுநாள் திருநெல்வேலிக்காரருக்கு நானே போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி, படத்தில் அந்த வசனம் இல்லை என்றேன்.

"அப்ப அது யார் சொன்னது அண்ணாச்சி?"

"எங்க வூட்ல" என்றேன்.

கேசட்டிலிருந்த காட்சியை வைத்து இரண்டாம் பாகத்தை நானே முழுமையாகச் சேர்த்துக் கொடுத்தேன். பூஞ்சைப் புள்ளிகளை எடுத்தேன், நிறத்தைச் சரிசெய்தேன், செருப்புச் சத்தத்தை மட்டும் தொடவில்லை. குழுவில் திருவிழாதான். நான் முன்பு செய்த பொய்க்காட்சியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எதையும் விட்டுவிடக்கூடாது என்பது எங்கள் விதி. ரசிகர் செய்தது என்று பேர் போட்டு வைத்துவிடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது அந்தப் படத்தைச் சேர்ந்தது இல்லை.

இப்போது குழுவில் நான் அதிகம் பேசுவதில்லை. முதல் வாரம் பார்த்தவன் என்ற பதவியும் போய்விட்டது, கேசட் வந்த பிறகு எல்லோருமே பார்த்தவர்கள்தான்.

அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபமாகி ரொம்ப நாளாகிறது. திரை இருந்த இடத்தில்தான் மணமேடை. அங்கே நடக்கிற கல்யாணங்களும் என்னிடம் எடிட்டிங்குக்கு வருகின்றன. எல்லோருக்கும் வழக்கம்போல டூயட் போட்டுத்தான் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த தடவை வேறு ஆளிடம் போய்விடுவார்கள். ஆனால் கூடவே, பாட்டு போடாத காப்பி ஒன்றையும் கொடுக்கிறேன். வெறும் பேச்சும் கூச்சலும் பாத்திரச் சத்தமும்தான் அதில் இருக்கும். "இன்னாண்ணே இது, ஒரே எரைச்சலா கீது" என்று கல்யாண மாப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வைத்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அதைச் சரிபார்க்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை நான் மட்டும் உட்கார்ந்து கேட்கிறேன். பழையசீவரத்துக் கல்யாணமோ, உத்திரமேரூர்க் கல்யாணமோ, எதுவானாலும் பந்திப் பக்கமிருந்து யாராவது ஒரு பெண் யாரையாவது பார்த்து அந்த வரியைச் சொல்லிவிடுகிறாள். அதே வார்த்தைகள், அதே சலிப்பு. ஒவ்வொரு தடவையும் கை தானாக நிறுத்திவிடுகிறது. பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டுவிட்டு ஓட விடுகிறேன். குரல்தான் வேறாக இருக்கிறது.